மாரியைத் தாங்கும் முயல்கூடு: பிளைவூட் தெரிவு செய்வதும் அறுப்பதும்

கிளிநொச்சியில் எங்கள் வளவில் இப்போது நிற்பது மூன்றாவது முயல்கூடு. முதலாவது ஒரு மாரியோடு போனது. இரண்டாவது இரண்டு மாரி நின்றது. இரண்டும் ஒரே விதமாகத்தான் பழுதாகின. பலகையின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. விளிம்பு மட்டும் ஊதி, மழையில் நனைந்த கொப்பி போல அடுக்கு அடுக்காக விரிந்திருந்தது.

அதன் பிறகு அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூடு அடிக்கும்போது கூட நின்றிருக்கிறேன். எல்லோரும் பலகையின் முகத்தைப் பார்த்து வாங்கினார்கள், முகத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தார்கள். பிளைவூட் தண்ணீர் குடிப்பது விளிம்பால். அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நான் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை விளிம்பு உண்டாகிறது, அதை எதனால் மூடப்போகிறோம்?

இங்கே சொல்வது ஒன்றிரண்டு முயலுக்கான கூடு. நீளம் 1800 மில்லிமீற்றர், ஆழம் 600, முன்பக்க உயரம் 700, பின்பக்க உயரம் 600. 12 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டு முழுப் பலகை போதும். கோழிக்குஞ்சுக்கோ கினிப்பன்றிக்கோ அடிப்பவர்கள் அளவை மாற்றிக்கொள்ளலாம். வேலையின் ஒழுங்கு மாறாது.

1. இடத்தையும் திசையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்யவேண்டியது இது. எந்தப் பக்கம் மழை அடிக்கும் என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கம் பலகை, எந்தப் பக்கம் வலை என்று சொல்லலாம்.

வன்னியில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. கூட்டின் முதுகு வடக்குப் பார்க்கட்டும், முகம் தெற்குப் பார்க்கட்டும். மாரியில் சூரியன் தென்பக்கம் சாய்ந்து நிற்பதால் காலையில் கொஞ்சம் வெயில் உள்ளே விழுந்து ஈரத்தை உலர்த்தும். வைகாசி, ஆனியில் சூரியன் வடபக்கம் போய்விடுவதால் வெயில் நேரே உள்ளே வராது.

முயல் படுக்கும் மூடிய அறை கிழக்குப் பக்கம் இருக்கவேண்டும். கூட்டின் முன்னால் நின்று பார்த்தால் அது வலப்பக்கம். மேற்கில் வைத்தால் பின்னேர வெயில் முழுவதும் அதன் சுவரில்தான் விழும். முயல் குளிரைத் தாங்கும், வெக்கையைத் தாங்காது. 30 பாகை செல்சியஸைத் தாண்டினாலே மூச்சு வாங்கத் தொடங்கும். சித்திரையில் நம் ஊர் வெயில் அதைவிட மேலே நிற்கும். வேம்போ மாவோ நிழல் தரும் இடம் கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம்.

2. சாமானை முழுதாகச் சேர்த்த பிறகே தொடங்குங்கள்

அறுத்த பலகையை விளிம்பு அடைக்காமல் ஒரு கிழமை வெளியே போட்டுவைப்பதுதான் நான் அதிகம் கண்ட பிழை. "பெயின்ட் பிறகு வாங்குவம்" என்று விட்ட இடத்தில் ஒரு மழை பெய்தால் காசு போச்சு.

பலகைக்கு வேண்டியவை: அளவுநாடா, மூலைமட்டம், நேரான நீளச் சலாகை ஒன்று, கூரான பென்சில், பிளேட் கத்தி, ஒட்டும் பேப்பர் ரேப், சான்ட் பேப்பர், இரண்டு மூன்று கிளாம்ப்.

வாளில் உங்களிடம் இருப்பது போதும். கைவாள் என்றால் அங்குலத்துக்கு 10 முதல் 12 பல் உள்ளது. மரக்கிளை வெட்டும் பெரிய பல் வாள் பிளைவூட்டைக் கடித்துத் துப்பிவிடும். சேர்க்குலர் வாள் என்றால் 40 பல்லுக்குக் குறையாத பிளேட்.

அத்துடன் வெளிவேலைக்கான எனாமல் பெயின்ட், தின்னர், மரப்புட்டி, நாகம் (துத்தநாகம்) பூசிய ஒன்றரை அங்குலத் திருகாணி, முன்பக்க வலைக்கு அரை அங்குலக் கண் கொண்ட வெல்ட் மெஷ், மூலைகளுக்கு வளைத்த தகரம் அல்லது அலுமினியக் கோணம். கோழிவலை வேண்டாம். அது கோழியை உள்ளே வைத்திருக்கும், நாயையும் மரநாயையும் வெளியே வைத்திருக்காது.

கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். பிளைவூட் தூளில் மரம் மட்டும் இல்லை, பசையும் இருக்கிறது.

3. சட்டத்தை அடித்துவிட்டுப் பலகையை அளவுங்கள்

புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடதாசியில் அளவு போட்டுப் பலகையை அறுத்துவிட்டுப் பிறகு சட்டம் அடிக்கிறார்கள். நம் மரக்காலைகளில் வாங்கும் 2 அங்குலச் சட்டம் ஒருநாளும் ஒரே அளவாக இருக்காது. ஒன்று 48 மில்லிமீற்றர், அடுத்தது 52. நாலு மூலையில் அது சேர்ந்தால் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் விரல் நுழையும்.

ஆறு கால். நாலு மூலைக்கு நாலு, படுக்கை அறைக்கும் வெளி அறைக்கும் இடையில் முன்னொன்று, பின்னொன்று. கூட்டின் தளம் நிலத்திலிருந்து 750 மில்லிமீற்றர் உயரத்தில் இருந்தால் குனியாமல் கூட்டிக் கழுவலாம், பாம்பும் இலகுவில் ஏறாது.

காலுக்கு வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் கிடைத்தால் அதுவே போதும், கறையான் அதைப் பெரிதாகச் சீண்டாது. முதிரை, பாலை என்று ஆசைப்படுபவர்கள் ஏற்றிவருவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை மறக்கவேண்டாம். எந்த மரமானாலும் கால் மண்ணில் நேரே நிற்கக்கூடாது. சீமெந்துக் கல்லின் மேல் நிறுத்துங்கள்.

சட்டம் நின்ற பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் சட்டம் சதுரம். 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இப்போதே இழுத்துச் சரி செய்யுங்கள். கோணலான சட்டத்துக்குச் சதுரமாக அறுத்த பலகை பொருந்தாது.

4. கடையில் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்

"வோட்டர்புரூஃபோ அண்ணை?" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. எந்தத் தரம் என்று கேளுங்கள், பலகையில் அடித்திருக்கும் முத்திரையைப் படியுங்கள்.

எம்.ஆர். (MR) என்று இருந்தால் அது வீட்டுக்குள் அலுமாரி அடிக்கும் பலகை. ஈரக்காற்றைத் தாங்கும், மழையைத் தாங்காது. அதன் பசை யூரியா வகை. பி.டபிள்யூ.ஆர். (BWR) அல்லது டபிள்யூ.பி.பி. (WBP) என்றால் பசை பீனோல் வகை, கொதிநீரில் விடாது. கூட்டுக்கு இதுதான் குறைந்தபட்சம். அதற்கு மேலே மரைன், படகு வேலைக்கான தரம். இந்தியப் பலகையில் ஐ.எஸ். 710 என்றும் பிரித்தானியத் தரத்தில் பி.எஸ். 1088 என்றும் இருக்கும். ஐ.எஸ். 710 பலகை 72 மணிநேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக்கூடாது என்பது விதி.

என் கருத்து: சுவருக்கு பி.டபிள்யூ.ஆர். போதும். காசு இருந்தால் கூரைப் பலகை ஒன்றை மட்டும் மரைனில் எடுங்கள். முழுவதும் மரைனில் எடுத்துவிட்டு விளிம்பை அடைக்காமல் விட்டவரையும் கண்டிருக்கிறேன். பசை விடாவிட்டாலும் மரம் நனையும், பூஞ்சணம் பிடிக்கும். அந்த முத்திரை பெரும்பாலும் பசைக்குத்தான் உறுதி சொல்கிறது.

சிப்போட், எம்.டி.எஃப். இரண்டையும் கையில் எடுக்கவே வேண்டாம். முயல் மூத்திரம் பட்டாலே பொரிந்துவிடும்.

இனிப் பலகையைச் சோதிப்பது. அடுக்கி வைத்திருக்கும் மேல் பலகையை அப்படியே தூக்கி வராதீர்கள். விளிம்பில் அடுக்கை எண்ணுங்கள், 12 மில்லிமீற்றரில் ஒன்பது அடுக்கு இருந்தால் நல்லது, ஏழும் பரவாயில்லை, ஐந்து என்றால் யோசியுங்கள். அடுக்கின் எண்ணிக்கை வழக்கமாக ஒற்றையாகத்தான் இருக்கும்.

பிறகு விளிம்பில் கறுப்பு ஓட்டைகள் தெரிகின்றனவா என்று நாலு பக்கமும் பாருங்கள். அது உள் அடுக்கில் மரம் சேராத வெற்றிடம். நீங்கள் அறுக்கும்போது அந்த ஓட்டை உங்கள் விளிம்பில் வந்து நிற்கும், மழைத்தண்ணீர் அதற்குள் தங்கும். விரல் மொழியால் முகத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் ஓரிடத்தில் டொக்கென்று மாறினால் உள்ளே வெற்றிடம்.

கடைசியாகப் பலகையின் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாட்டில் பாருங்கள். வில் போல வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஆணி அடித்து நிமிர்த்தலாம் என்பது வீண் நினைப்பு. அது ஆணியைத்தான் பிடுங்கும்.

பசைக்கோடு கறுத்திருந்தால் பீனோல், வெளிறியிருந்தால் யூரியா என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் பசைக்கு நிறம் கலக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பி வாங்கக்கூடாது.

கட்டட வேலை முடிந்த இடத்தில் கொங்கிறீற் தட்டுப் பலகை மலிவாகக் கிடைக்கும், முகத்தில் கறுப்பாகவோ மண்ணிறமாகவோ படலம் பூசியிருக்கும். புதிது என்றால் அது நல்ல பலகை, மழைக்கு முகம் அசையாது. பழையது என்றால் வேண்டாம். அதில் பூசிய கழிவெண்ணெய் மரத்தில் ஊறியிருக்கும், முயலோ எதையும் கடித்துப் பார்க்கும் பிராணி.

5. ஒரு துண்டை அவித்துப் பாருங்கள்

கடையில் வெட்டித் தள்ளிய துண்டு இருந்தால் அதே பலகையினுடையது என்று கேட்டு இரண்டு அங்குல நீளம், ஒரு அங்குல அகலத்தில் ஒரு துண்டு எடுத்து வாருங்கள். சமைக்காத பழைய சட்டியில் போட்டு, மிதக்காமல் மேலே கல் வைத்து, இரண்டு மணிநேரம் கொதிக்க விடுங்கள். எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி ஒருமுறை அவியுங்கள். பிறகு பசைக்கோட்டில் உளி முனையை வைத்து நெம்புங்கள்.

அடுக்கு சுத்தமாகக் கழன்றுவந்தால் அது வீட்டுக்குள் இருக்கவேண்டிய பலகை. மரம் பிய்ந்து, பசை அப்படியே நின்றால் வாங்கலாம். என் முதல் கூட்டின் பலகையை இப்படிச் சோதித்திருந்தால் ஓரிரு நாளில் விடை தெரிந்திருக்கும். நான் ஒரு மாரி முழுவதும் காத்திருந்து அறிந்துகொண்டேன்.

6. ஏற்றி வந்து படுக்க வையுங்கள்

12 மில்லிமீற்றர் முழுப் பலகை ஒன்று சுமார் 20 கிலோ இருக்கும். லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றினால் பாதி வெளியே நீட்டி நிற்கும். அடியில் நீளச் சலாகை இரண்டு கொடுத்துக் கட்டாவிட்டால் கிறவல் ஒழுங்கை முழுவதும் அது குதித்துக்கொண்டு வரும், முனை உடையும்.

வீட்டில் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளையும். நிழலில், நிலத்தில் படாமல், சமமான நாலு சலாகையின் மேல் படுக்கவைத்து இரண்டு நாள் விடுங்கள். கறையான் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடும், அதனால் மண்ணில் வேண்டாம்.

7. வெட்டுப்படத்தைக் கடதாசியில் போடுங்கள்

முழுப் பலகை 8 அடிக்கு 4 அடி என்போம். மில்லிமீற்றரில் 2440க்கு 1220. அடியையும் மில்லிமீற்றரையும் கலந்து அளந்தால் பிழை வரும், ஒன்றைத் தெரிந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். நான் மில்லிமீற்றரில்தான் சொல்கிறேன்.

இரண்டு விஷயம் படத்துக்குள் வரவேண்டும். ஒன்று, வாள் தின்னும் தடிப்பு. ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மில்லிமீற்றர் தூளாகப் போகும். 1220ஐ இரண்டாகப் பிளந்தால் இரண்டு 610 வராது. மற்றது, முகத்தின் மரரேகை. பிளைவூட் மேல்முக ரேகையின் வாட்டில்தான் பலம் கூட, அது வழக்கமாகப் பலகையின் நீளவாட்டில் ஓடும். கூரைப் பலகையை அந்த வாட்டில் எடுத்து, கைமரங்களை அதற்குக் குறுக்கே கொடுத்தால் நடுவில் தொய்யாது.

முதல் பலகை: குறுக்கே 2000இல் வெட்டுங்கள். அந்த 2000 துண்டிலிருந்து 910 அகலத்தில் கூரை வரும். கூட்டின் ஆழம் 600, சாய்வோடு 608, முன்னால் 200 தாழ்வாரம், பின்னால் 100. மிச்சம் நிற்கும் 437க்கு 1220 துண்டிலிருந்து படுக்கை அறைக் கதவு, 420க்கு 620. மற்ற நீளத் துண்டை எறிய வேண்டாம், ஒட்டுச் சலாகைகளுக்கு உதவும்.

இரண்டாவது பலகை: குறுக்கே 1824இல் வெட்டுங்கள். அதை நீளவாட்டில் 600க்குப் பிளந்தால் பின்சுவர். சட்டம் 1800 தானே, பின்சுவர் ஏன் 1824? இரண்டு பக்கச் சுவரின் 12 மில்லிமீற்றர் விளிம்பும் அதற்குப் பின்னால் ஒளிய வேண்டும். மழை முதுகில்தான் அடிக்கும், அங்கே அடுக்கு தெரியும் விளிம்பு ஒன்றும் இருக்கக்கூடாது.

மிச்சம் நிற்கும் 617 அகலத் துண்டில் 700க்கு 600 ஆக இரண்டு பக்கச் சுவர். கடைசியில் நிற்கும் 613க்கு 1220 துண்டில் இரண்டு அறைக்கும் இடையில் வரும் நடுத்தட்டி 700க்கு 600, படுக்கை அறைத் தளம் 500க்கு 600. இரண்டும் சேர 1203, இடம் சரியாகக் காணும்.

வெளி அறையின் தளத்துக்குப் பிளைவூட் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கேதான் முயல் நாள் முழுவதும் கழிக்கும். அரை அங்குல இடைவெளி விட்டுப் பனஞ்சலாகை அடியுங்கள். புழுக்கை கீழே விழும், பாதமும் புண்ணாகாது. கம்பி வலையை மட்டும் தளமாகப் போட்டால் சில மாதத்தில் முயலின் பின்னங்கால் அடி வெடிக்கும்.

8. கோடு போடும்போது

எல்லாக் கோட்டையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். ஒரு வெட்டை வெட்டி, வந்த துண்டை அளந்து, பிறகு அடுத்த கோடு. வாள் தின்ற தடிப்பு அப்போது தானாகவே கணக்கில் வந்துவிடும்.

கோட்டின் எந்தப் பக்கம் கழிவு என்று ஒரு புள்ளடி போடுங்கள். வாள் புள்ளடிப் பக்கத்தில்தான் ஓடவேண்டும். ஓடாவியார் ஒருவர் எனக்குச் சொன்னது: "தம்பி, கோட்டை வெட்டாத, கோட்டுக்குப் பக்கத்தில வெட்டு." கோடு பலகையில் மிஞ்சி நின்றால் அளவு சரி.

கடைப்பலகையின் மூலை சதுரம் என்று நம்பவேண்டாம். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு நல்ல மூலையைத் தெரிந்து, எல்லா அளவையும் அங்கிருந்தே எடுங்கள்.

9. அறுக்கும் ஒழுங்கு

பெரிய வெட்டு முதலில், சின்ன வெட்டு பிறகு. முழுப் பலகையை நகர்த்திக்கொண்டு சின்னத் துண்டு எடுக்கப் போனால் கை தளரும், வாள் விலகும். கடையில் நல்ல பிளேட் உள்ள மேசைவாள் இருந்தால் முதல் குறுக்கு வெட்டு இரண்டையும் அங்கேயே வெட்டித் தரச் சொல்லலாம், ஏற்றுவதும் சுகம். கூரை தவிர்ந்த மற்ற அளவுகளை வீட்டில் சட்டத்தைப் பார்த்து அறுங்கள்.

முதலில் பலகையைத் தாங்குவது. இரண்டு கதிரைக்கு நடுவில் பாலம் போல வைத்து நடுவை அறுப்பவர்கள் உண்டு. அறுபட அறுபடப் பலகை நடுவில் தாழும், வாய் மூடும், வாளைப் பிடிக்கும். மின்வாள் என்றால் அது உங்கள் பக்கம் பாயும். சமமான நிலத்தில் நாலு சலாகையை வரிசையாக வைத்து அதன் மேல் பலகையைப் படுக்கவையுங்கள். வெட்டுக்கோட்டின் இரு பக்கத்திலும் இரண்டிரண்டு சலாகை. அறுந்த பிறகும் இரண்டு துண்டும் அசையாமல் கிடக்கவேண்டும்.

அடுத்தது, எந்த முகம் மேலே? கைவாளின் பல் கீழ்நோக்கி வெட்டும், அதனால் நல்ல முகம் மேலே. கையில் பிடிக்கும் சேர்க்குலர் வாளும் ஜிக்சோவும் கீழிருந்து மேலே வெட்டும், அதனால் நல்ல முகம் கீழே. மேசைவாளில் மறுபடி நல்ல முகம் மேலே. சிலும்பு எழும்பும் பக்கம் கூட்டின் உட்பக்கமானால் பார்வைக்குப் பரவாயில்லை என்று விடவேண்டாம். சிலும்பு எழுந்த இடத்தில் மேல் அடுக்கு திறந்துவிட்டது, ஈரம் அங்கால்தான் போகும்.

அதைத் தடுக்க, கோட்டின் மேல் பேப்பர் ரேப்பை அழுத்தி ஒட்டி, அதன் மேல் மறுபடி கோடு போட்டு, அடிமட்டம் வைத்துப் பிளேட் கத்தியால் மேல் அடுக்கு வெட்டுப்படும் வரைக்கும் இரண்டு தரம் கீறுங்கள். குறுக்கு வெட்டில் இது கட்டாயம். ரேகையின் வாட்டில் போகும் வெட்டுக்கு விட்டாலும் பெரிதாக மோசம் இல்லை.

கைவாள் என்றால் பலகைக்கும் வாளுக்கும் இடையில் கோணம் சிறிதாக, வாள் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி, நீளமாக இழுத்து அறுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் அடிப்பக்கம் பிய்யும். வாள் இறுகினால் பலத்தைக் கூட்டாமல் பல்லின் பக்கவாட்டில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள்.

சேர்க்குலர் வாள் என்றால் பிளேட் பலகைக்குக் கீழே 5 மில்லிமீற்றர் எட்டிப் பார்க்கும்படி ஆழத்தை வையுங்கள், அதற்கு மேல் தேவையில்லை. நேரான சலாகை ஒன்றைக் கிளாம்ப் போட்டு வழிகாட்டியாக வையுங்கள். வாளின் அடித்தட்டு விளிம்பிலிருந்து பிளேட் வரைக்கும் எவ்வளவு என்று முதலில் ஒரு கழிவுத் துண்டில் வெட்டி அளந்துகொள்ளுங்கள். அதைக் கழிக்க மறந்து கூரைப் பலகையை நாலங்குலம் ஒடுக்கமாக வெட்டியவர் நான்தான்.

கிரைண்டரில் மர பிளேட் பூட்டி அறுக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. வேண்டாம். அதன் வேகம் அதிகம், அடித்தட்டு இல்லை, பிளேட் பிடித்தால் கையில் நிற்காது. அதைவிடக் கைவாளால் அரை நாள் அறுக்கலாம்.

பக்கச் சுவரின் சாய்வு: இரண்டு துண்டையும் கூடாத முகங்கள் ஒன்றையொன்று பார்க்க அடுக்கி, கிளாம்ப் போட்டு, ஒரு விளிம்பில் 700, மறு விளிம்பில் 600 குறித்து, ஒரே வெட்டாக வெட்டுங்கள். இடது, வலது என்று சோடியாக வரும், இரண்டின் நல்ல முகமும் வெளியே நிற்கும். தனித்தனியாக வெட்டிய ஒரு பெடியனுக்கு இரண்டும் இடது பக்கமாகவே வந்தன.

நடுத்தட்டியைக் கடைசியில் அறுங்கள். அது சட்டத்துக்கு உள்ளே இறங்குவது, அதன் உண்மையான அளவு கூடு நின்ற பிறகுதான் தெரியும்.

10. வாசலும் காற்றுத் துளையும்

நடுத்தட்டியில் முயல் போய்வர 200க்கு 250 வாசல் போதும். அதைப் பின்சுவர்ப் பக்கம் வையுங்கள், முன்னால் அடிக்கும் தூவானம் படுக்கைக்குப் போகாது. நாலு மூலையிலும் முதலில் 12 மில்லிமீற்றர் துளை போட்டுவிட்டு இடையில் அறுங்கள். கூர்மூலை பிளவு எடுக்கும், வட்டமூலை எடுக்காது.

படுக்கை அறையின் பக்கச் சுவரில், கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே உயரமாக, 25 மில்லிமீற்றர் துளை நாலைந்து போடுங்கள். சூடு மேலே ஏறி அதனால் வெளியேறும். துளையிடும்போது பின்பக்கம் ஒரு கழிவுப் பலகையை இறுகப் பிடித்தால் மறுபக்கம் பிய்யாது. உட்பக்கம் வெல்ட் மெஷ் அடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு துளையும் ஒரு விளிம்பு. ஆசைக்கு நிறையப் போடவேண்டாம்.

11. விளிம்பை அடையுங்கள்

பூட்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. பூட்டிய பிறகு சட்டத்தோடு ஒட்டி நிற்கும் விளிம்புக்குத் தூரிகை போகாது. அங்கேதான் தண்ணீரும் தங்கும்.

முதலில் வெற்றிடங்களைப் புட்டியால் நிரப்பிக் காயவிடுங்கள். பிறகு கூர்முனையைச் சான்ட் பேப்பரால் இலேசாக மழுக்குங்கள். கூரான முனையில் பெயின்ட் நிற்காது, வழிந்து மெல்லிதாகிவிடும்.

முதல் பூச்சில் தின்னர் கூடக் கலந்து தண்ணீர் போலப் பூசுங்கள். விளிம்பு அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், உறிஞ்சுவது நிற்கும் வரைக்கும் பூசுங்கள். மறுநாள் இரண்டாவது, அதற்கு மறுநாள் மூன்றாவது, இவை தடிப்பாக. துளைகளின் உட்சுற்றையும் விடாதீர்கள். இரண்டு பாகம் கலக்கும் எப்பொக்சி கிடைத்தால் கீழ் விளிம்புகளுக்கு அதைப் பூசலாம், அதைவிட நல்லது இல்லை.

முகத்துக்கு வெளிப்பக்கம் இரண்டு பூச்சு. உட்பக்கம் முயலின் பல் எட்டும் இடத்தில் பெயின்ட் வேண்டாம். வாசல் சுற்று, தள விளிம்பு எல்லாம் தகரக் கோணம் கொடுத்து மூடுங்கள். ஈயம் சேராத பெயின்ட் என்று பேணியில் பார்த்து வாங்குங்கள். கழிவெண்ணெய் பூசினால் கறையான் வராது என்று சொல்வார்கள், ஆனால் நக்கித் தின்னும் பிராணியின் வீட்டுக்கு அது ஆகாது.

இந்த வேலைக்கு ஆடி, ஆவணி நல்ல காலம். சோளகக் காற்றுக்கு எல்லாம் சட்டென்று காயும், புழுதி மட்டும் ஒட்டாமல் மறைப்புக் கட்டுங்கள். ஐப்பசியில் தொடங்கினால் பூச்சுக்குப் பூச்சு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்.

12. பூட்டுதல்

திருகாணி எப்போதும் பலகையின் முகத்தால் போய்ச் சட்டத்தில் இறங்கவேண்டும். பலகையின் விளிம்புக்குள் திருகாணி ஏற்றினால் அது ஆப்பு வைத்த மாதிரி அடுக்கைப் பிளக்கும். விளிம்பிலிருந்து 20 மில்லிமீற்றர் உள்ளே, 150 முதல் 200க்கு ஒன்று, முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டு. தலையைப் பலகைக்குள் புதைய இறுக்காதீர்கள். புதைந்த இடம் சின்னக் கிண்ணம் போலத் தண்ணீர் பிடிக்கும்.

ஒழுங்கு: பக்கச் சுவர் இரண்டு, பின்சுவர், தளம், நடுத்தட்டி, கூரை, கடைசியில் கதவு. மூலைகளில் தகரக் கோணம். கதவைப் பிணைச்சல் போட்டுத் தொங்கவிடும்போது சுற்றிவர இடைவெளி பாருங்கள், மாரியில் மரம் ஊதும். கொளுக்கி மட்டும் போதாது, நாய் மூக்கால் தட்டித் திறக்கும். கொண்டி போடுங்கள்.

கூரைப் பலகையின் மேல் நேரே தகரம் அடித்தால் உள்ளே அவியும். பலகையின் மேல் சலாகை வைத்து, அதன் மேல் கிடுகு வேயுங்கள். இடையில் காற்று ஓடும், பலகையிலும் வெயில் படாது. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் கிடுகு மாற்றவேண்டியிருக்கும், அந்த நேரத்தில் கூரை விளிம்புக்கும் ஒரு பூச்சுக் கொடுத்துவிடலாம். தாழ்வாரத்தின் அடியில் முன் விளிம்பை ஒட்டி ஒரு ஒடுங்கிய சலாகை அடித்தால் தண்ணீர் அடிப்பக்கமாக ஓடி உள்ளே வராமல் அங்கேயே சொட்டும்.

13. முயலை விடுவதற்கு முன்

பெயின்ட் மணம் முழுதாகப் போகும்வரை, குறைந்தது இரண்டு கிழமை, கதவைத் திறந்து போடுங்கள். பிறகு ஒரு வாளி தண்ணீரைப் பின்சுவரிலும் கூரையிலும் எறிந்து உள்ளே கையை வைத்துப் பாருங்கள். ஈரம் பட்ட இடத்தை உட்பக்கம் பென்சிலால் வட்டமிட்டு, காய்ந்த பிறகு வெளியிலிருந்து புட்டி வைத்துப் பூசுங்கள்.

காலைச் சுற்றி எறும்பு ஏறினால் கால்களைப் பழைய பால்பேணியில் நிறுத்தி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். பேணிக்குள் நிற்கும் காலின் அடியும் ஒரு விளிம்புதான், அதற்கும் மூன்று பூச்சு.